உடைக்கேற்ற உடலா?

என் பக்கத்து வீட்டு அக்கா ஐம்பது வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் மூன்று வாரங்கள் விழுந்தும் எழுந்தும் பழகிய பிறகு, சனிக்கிழமைக் காலைகளில் என்னோடு பத்துக் கிலோமீட்டர் ஓட்டத் தொடங்கினார். ஒருநாள் சாங்கி வில்லேஜ் வரை ஓட்டிச்சென்று அங்கே நாசி லெமாக் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவ்வளவு தூரம் செல்வதற்கு முன் சைக்கிளோட்டத்திற்கென்றே ஒரு கால்சட்டையும் ஜெர்சியும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருவரும் ஒரு கடைக்குச் சென்றோம்.

கடையில் பெண்களுக்கான உடைகள் ஒரே ஒரு தாங்கியில் தொங்கின. அவற்றுள் மிகப் பெரியதும் அக்காவுக்குச் சேரவில்லை. விற்பனையாளர் ஆண்கள் பகுதியில் பார்க்கும்படி சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அங்கே எடுத்த ஜெர்சியின் தோள்பட்டை தொங்கியது. கை முழங்கையைத் தாண்டியது. ஆனால் இடுப்பில் ஸிப் மூடவில்லை. அக்கா அதைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் இளைத்த பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன்," என்றார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

உடை பொருந்தாததற்குத் தம் உடலே காரணம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். பல பெண்கள் இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். என்னைக் கேட்டால், பிழை அந்த உடையை வெட்டிய அளவில் இருக்கிறது என்பேன்.

சைக்கிள் ஓட்ட எதற்குத் தனி உடை, வீட்டில் இருக்கும் டி-சட்டை போதாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டிலிருந்து ஈரச்சந்தைக்குச் சென்றுவர எந்த உடையும் போதும். ஆனால், நம் ஊர் வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சிக் கனத்து, முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. தொளதொளப்பான கால்சட்டையின் விளிம்பு சங்கிலியில் சிக்கக்கூடும். தடித்த தையல் தொடையை உராய்ந்து புண்ணாக்கும். சைக்கிளோட்ட உடை இவற்றையெல்லாம் எண்ணித் தைக்கப்படுவது. கைப்பிடியை நோக்கிக் குனியும்போது முதுகு தெரியாமல் இருக்க, ஜெர்சியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட நீளமாக இருக்கும். கால்சட்டையின் உள்ளே மெத்தென்ற நுரைத் திண்டு ஒன்று இருக்கும்.

அந்தத் திண்டுதான் முக்கியம். இருக்கையில் அமரும்போது நம் எடையைத் தாங்கும் இரண்டு எலும்பு முனைகளுக்கு நேர்கீழே அது இருக்க வேண்டும். அந்த முனைகளுக்கு இடையிலான தூரம் பொதுவாகப் பெண்களுக்கு அதிகம். ஆகவே, ஆண்களின் கால்சட்டையில் பெரிய அளவை எடுத்துக்கொண்டால் போதும் என்பது சரியான தீர்வாகாது. திண்டு தனக்குரிய இடத்தில் அமராது. துணி சுருண்டு உராயும். இறுக்கமாக எடுத்தாலோ எலாஸ்டிக் தொடையில் பதிந்து சிவந்த கோடு விழும். இரண்டு ஆண்டுகள் அந்தக் கோட்டோடு ஓட்டியவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இது இன்று தோன்றிய சிக்கல் அன்று. மூன்று குழந்தைகளின் தாயான ஆனி லண்டன்டெரி, சைக்கிளில் உலகைச் சுற்றிவர 1894இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து புறப்பட்டார். அப்போது அவர் உடுத்தியிருந்தது நீண்ட பாவாடை. அவருடைய வண்டியின் எடையோ ஏறக்குறைய 19 கிலோகிராம். சிகாகோவை அடைந்ததும் பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். பாவாடையை விட்டுவிட்டு அகலமான காற்சட்டை அணிந்தார். பின்னர் ஆண்கள் உடையிலேயே பயணத்தைத் தொடர்ந்தார். கப்பலும் சைக்கிளுமாக அவர் சென்ற வழியில் சிங்கப்பூரும் இருந்தது. 1895இல் பயணம் முடிந்தது. அன்று அவர் ஆண்கள் உடைக்கு மாறினார். நூறாண்டுக்கும் மேல் கடந்த பின்னும், ஆண்கள் பகுதியில் பாருங்கள் என்பதே அக்காவுக்குக் கிடைத்த பதில்.

உடையின் அளவு எப்படி முடிவு செய்யப்படுகிறது? ஆயத்த ஆடைகளுக்குப் பொதுவான அளவு வேண்டும் என்பதற்காக, அமெரிக்க வேளாண் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை 59 வகையாக அளந்து, 1941இல் முடிவுகளை வெளியிட்டது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பின்னர் 1958இல் வெளிவந்த அளவுத்தரம் பலருக்குப் பொருந்தாமல் போய், 1983இல் கைவிடப்பட்டது. இப்போது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அளவுப்பட்டியல். ஒரு நிறுவனத்தின் நடுத்தர அளவு இன்னொன்றில் பெரிய அளவாகிவிடுகிறது. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் நாம் வருந்துகிறோம்!

இன்னொன்றும் நடக்கிறது. நிறுவனங்கள் பெரும்பாலும் ஓர் அளவில் உடையைத் தைத்து, ஒரு பெண்ணுக்கு அணிவித்துப் பார்த்துத் திருத்துகின்றன. மற்ற அளவுகள் அந்த மாதிரியிலிருந்து கணக்குப்படி கூட்டியும் குறைத்தும் வெட்டப்படுகின்றன. இடுப்பைக் கூட்டும்போது கையின் நீளமும் தோளின் அகலமும் சேர்ந்து கூடுகின்றன. இடை பருத்தவர் எல்லாரும் உயரமானவர்களா என்ன? அதனால் மாதிரியிலிருந்து விலக விலக உடை பொருந்தாமல் போகிறது. இது பருத்த பெண்களின் சிக்கல் மட்டுமன்று. என்னுடன் பணிபுரியும் ஒருவர் மிகவும் குள்ளமாகவும் மெலிந்தும் இருப்பார். அவர் சிறுவர் பகுதியில் ஜெர்சி வாங்குகிறார். அதில் கேலிச்சித்திரம் இல்லாததைத் தேடுவதே அவருக்குப் பெரும்பாடு. தூடோங் அணியும் தோழி ஒருவர், உடலோடு ஒட்டாத நீளக்கை ஜெர்சிக்காக ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார்.

கடைக்காரர்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. வாடகை அதிகமான கடையில் எல்லா அளவுகளையும் அடுக்கிவைத்தால் முதல் முடங்கும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால், ஒவ்வோர் அளவிலும் அணிந்து பார்க்க ஒன்றே ஒன்று வைத்திருந்து, வேண்டியதை வரவழைத்துத் தரலாமே! அளவுப்பட்டியலில் எழுத்தோடு நிறுத்தாமல் இடுப்பு, தொடை, மார்பு ஆகியவற்றின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அச்சிடச் சொல்லி நிறுவனங்களைக் கேட்கலாமே!

பெரிய அளவுகள் விற்பதில்லை என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சென்ற மாதம் அதே கடைக்கு நான் மீண்டும் சென்றேன். பெரிய அளவு கேட்டு எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று அதே விற்பனையாளரிடம் கேட்டேன். அடிக்கடி வருகிறார்கள், ஆனால் அதை எழுதிவைப்பதில்லை என்றார். விற்றதற்கு ரசீது இருக்கிறது. கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவருக்கு எந்தக் கணக்கும் இல்லை. இனி ஒரு நோட்டில் எழுதிவைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தபடி கல்லாப்பெட்டியின் அருகிலிருந்த நோட்டை எடுத்தார். அக்காவின் அளவுகளைச் சென்டிமீட்டரில் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

அக்கா இப்போது தம் மகனின் பழைய ஓட்டப்பந்தயச் சட்டையை அணிந்து மீண்டும் வரத் தொடங்கியிருக்கிறார். பத்துக் கிலோமீட்டருக்கு அது போதும். சாங்கிக்கு இன்னும் போகவில்லை.