கோப்பையை விடு, கணேஷைப் பாரு

மச்சி, ஆர்சனல் மேட்ச்னா ராத்திரி முழுக்க முழிச்சிருப்ப. ஜான் கிரெகரி யாருன்னு தெரியுமா? 2000-ல ஆஸ்டன் வில்லாவை எஃப்.ஏ. கப் ஃபைனல் வரைக்கும் கொண்டுபோன இங்கிலாந்துக்காரர். 2018 மார்ச்சில் பெங்களூருவை அவங்க ஊர்லயே 3-2னு சாய்ச்சு, சென்னையின் எஃப்.சி.க்கு ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கித் தந்தவர். அடுத்த சீசன்ல அதே டீம் கடைசி இடம், அதையும் சொல்லிடறேன்.

எனக்குக் கோப்பை பெருசில்ல. சென்னைப் பையன் தனபால் கணேஷை நம்பி நடுக்களத்தில் இறக்கினாரே, அதுதான் பெருசு. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிஃப்ட் முடிஞ்சு, யூனிஃபார்மோடவே காலி மனையில் பந்து உதைக்கிற பசங்களை பஸ்ல இருந்து தினமும் பார்க்கிறேன். அவங்களை யார் வந்து பார்ப்பா? ஞாயித்துக்கிழமை சும்மா கிடக்கிற நம்ம கிரவுண்டை அவங்களுக்குத் திறந்துவிடலாமே. சாவி ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரிகிட்டதான் இருக்கு, நான் கேட்கப் போறேன். நீயும் வர்றியா?