வானத்துக்கும் பூமிக்கும்

ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஊரைக் கூட்டுகிறவனைப் பார்த்து ‘வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கிறான்’ என்பார்கள் பெரியவர்கள். கோபமே கூடாது என்பதல்ல, குதிக்கிற உயரம்தான் அதில் கேலிக்குள்ளாகும். இப்போது அந்த இடத்தில் ‘பொங்குறாங்க’ வந்து உட்கார்ந்திருக்கிறது. பண்பாடு, மானம் என்று ஒருவர் வாயைத் திறந்தாலே ‘ஆரம்பிச்சுட்டாருப்பா’ என்கிறோம். பொய்க் கோபத்தை அடையாளம் காட்ட நல்ல சொல்தான்.

அப்படிப் பொங்கியவர்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சம் இருந்ததில்லை. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில் சொன்ன கருத்துக்காகச் செருப்பும் துடைப்பமும் தெருவுக்கு வந்தன. அவர்மீது 23 புகார்கள் குவிந்தன. 2010இல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. இடைப்பட்ட காலத்தில் தமிழ்ப் பெண்ணின் மானம் எவ்வளவு காப்பாற்றப்பட்டது என்று யாரும் கணக்குக் காட்டவில்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ விவகாரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாவல் வெளிவந்தது 2010இல். நான்கு ஆண்டுகள் கடையில் கிடந்தது, விற்றது, வாசிக்கப்பட்டது. ஊர் மனம் புண்படவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று புண்பட்டது. திருச்செங்கோட்டில் கைமாறியது நாவல் அல்ல, அதிலிருந்து பொறுக்கி நகலெடுத்த பக்கங்கள். முழுசாகப் படித்தால் கோபம் ஆறிவிடக்கூடும் என்ற பயம் இருந்திருக்கலாம். புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சு’ நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பில் அது முடிந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். பிடிக்காத புத்தகத்தை மூடிவைத்துவிடலாமே என்ற எளிய விஷயத்தைச் சொல்ல 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வரவேண்டியிருந்தது.

இதுவரை ‘பொங்குறாங்க’ என்ற சொல்லோடு நமக்குச் சண்டை இல்லை. மலக்குழிக்குள் இறக்கப்பட்ட தொழிலாளி விஷவாயுவில் செத்தார் என்று ஆத்திரப்பட்டு ஒருவர் எழுதினால் அவருக்கும் ‘ஓவரா பொங்காதீங்க ப்ரோ’ என்று பதில் வருகிறதே, அங்கேதான் உறுத்துகிறது. கையால் மலம் அள்ளவைப்பதற்கு எதிரான சட்டம் 2013இல் வந்தது. சாவுக்கான இழப்பீட்டை 2014இல் 10 லட்சம் என்றும் 2023இல் 30 லட்சம் என்றும் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. தொகை ஏறியது, ஆளை இறக்குவது நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று கேட்பவரையும் புத்தகம் கொளுத்தியவரையும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறோம். ‘போராளி’ என்பது கிட்டத்தட்ட வசவாகவே ஆகிவிட்டது. கேலி செய்கிறவருக்கு இதில் சௌகரியம் அதிகம்: எந்தப் பக்கமும் நிற்க வேண்டாம், புத்திசாலி என்ற பெயரும் கிடைக்கும்.

கோபம் யார்மேல் பாய்கிறது என்று பார்த்தால் ஓரளவு வித்தியாசம் தெரியும். நடிகையும் எழுத்தாளரும் கூட்டத்தின் முன் தனியாக நின்றார்கள். மலக்குழிச் சாவைக் கேட்கிறவர் நகராட்சியையும் ஒப்பந்ததாரரையும் கேட்கிறார். அந்த ஒப்பந்ததாரர் வீட்டு வாசலில் பண்பாட்டைக் காக்கத் துடைப்பத்தோடு யாரும் போய் நின்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை.