ரிவர்ஸில் வரும் ‘டொக்’ சத்தம்!

வளையமாதேவியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பழைய பொலேரோ பிக்கப்பில் நெல் மூட்டை ஏற்றி சேத்தியாத்தோப்புக்குப் போய் வருகிறேன். ரிவர்ஸ் போட்டு கிளட்சை விட்டால் அடியில் ‘டொக்’ என்று சத்தம். அறுவடை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?”

வேண்டாம் ஐயா, முதல் லோடுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோவது புரப்பெல்லர் ஷாஃப்ட். பள்ளம் மேட்டில் பின் அச்சு ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமே? அதற்காக இருப்பதுதான் யூனிவர்சல் ஜாயிண்ட். பட்டறையில் ‘கிராஸ்’ என்றால் போதும். கூட்டல் குறி போன்ற இரும்புத் துண்டு, நான்கு முனையிலும் நான்கு கப், ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி போன்ற சின்ன உருளைகள். இவற்றைக் காப்பது கிரீஸ்தான். வயல் சேறும் தண்ணீரும் சீலைத் தாண்டி உள்ளே போனால் கிரீஸ் கெட்டு, ஊசிகள் துருப்பிடித்துத் தேயும்.

நீங்களே சோதிக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், இருபுறமும் திருப்புங்கள். கிராஸ் இருக்கும் இடத்திலேயே ஆட்டம் தெரிந்தாலும், கப்பைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஆட்டம் விழுந்த கிராஸை கிரீஸ் காப்பாற்றாது.

நல்ல நிலையில் இருந்தால் நிப்பிளில் கிரீஸ் அடியுங்கள். நான்கு கப்பிலும் பழைய கிரீஸ் பிதுங்கி, புதியது எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். சேற்றில் ஓடும் வண்டிக்குக் கையேடு சொல்வதைவிடச் சீக்கிரமே அடிப்பது நல்லது. நிப்பிள் இல்லாத கிராஸுக்கு கிரீஸ் அடிக்க முடியாது. தேய்ந்தால் மாற்றுவதுதான் வழி.

மாற்றும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியர் வண்டியைப் பிடிக்காது. அதனால் சக்கரக் கட்டைகள் இருந்தே ஆக வேண்டும். கழற்றும் முன் எல்லா இணைப்பிலும் பெயின்ட்டால் கோடு போட்டு, அதே கோட்டில் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் இல்லாவிட்டால் புதுக் கிராஸ் போட்டும் வண்டி அதிரும். கப்பை அழுத்தும்போது ஓர் ஊசி சரிந்து குறுக்கே விழுந்தாலும் கப் முழுதாக இறங்காது, லாக் உட்காராது. அப்போது சுத்தியால் அடிக்காமல், கழற்றிப் பார்க்க வேண்டும். பூட்டி முடித்ததும் கிராஸ் எல்லாப் பக்கமும் இறுக்கமின்றி அசைய வேண்டும்.

ஓடும்போது முன்பக்கக் கிராஸ் உடைந்தால், ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடலாம். மூட்டை மேல் ஆட்களும் உட்கார்ந்திருந்தால்? யோசித்துப் பாருங்கள். ஆட்களை அப்படி ஏற்றவே கூடாது. கிராஸுக்கு ஆகும் செலவை ஒரு லோடு வாடகையோடு ஒப்பிடாதீர்கள். அதில் போகிறவர்கள் உயிரோடு ஒப்பிடுங்கள்.