துணி நறுக்கில் தைத்த வாழ்த்து

பெண் குழந்தை பிறந்ததை ஊரறியக் கொண்டாடும் வழக்கங்கள் உலகில் அதிகமில்லை. ஜப்பானியர் அத்தகைய ஒன்றை இன்றும் பேணி வருகின்றனர். ஆண்டுதோறும் மார்ச் 3ஆம் திகதி வரும் 'ஹினா மட்சுரி', பெண் குழந்தைகளின் நலன் வேண்டும் திருநாளாகும். சிவப்புத் துணி விரித்த படிகளில் பழைய அரசவை உடையணிந்த பொம்மைகளை அடுக்கி வைப்பர். நம்மவர் கண்களுக்கு நவராத்திரிக் கொலுவே நினைவுக்கு வரும்.

ஆனால் அந்தப் பொம்மைகள் விலை மிகுந்தவை. எடோ காலத்திலே (1603–1868) சாதாரண மீனவனோ உழவனோ அவற்றை வாங்க நினைத்தும் பார்த்திருக்க முடியாது. அத்தகைய வீடுகளில் பாட்டிமாரும் தாய்மாரும் அயலகப் பெண்களும் கூடியமர்ந்து, பழைய கிமோனோக்களின் நறுக்குகளில் சின்னஞ்சிறு உருவங்களைத் தைத்தார்கள். பஞ்சு அடைத்த அவ்வுருவங்களைச் சிவப்பு நூலில் கோத்து, வளையமொன்றிலிருந்து தொங்கவிட்டார்கள். 'ட்சுருஷி' எனப்படும் தொங்கு அலங்காரம் இவ்வாறு வழக்கிற்கு வந்ததாகச் சொல்கிறார்கள்.

இக்கலைக்குப் பெயர் பெற்ற ஊர்கள் மூன்று: சிசுவோகா மாகாணத்தின் இனாதொரி, புகுவோகா மாகாணத்தின் யனகவா, வடக்கே யமகத்தா மாகாணத்தின் சகாத்தா. சகாத்தாவில் வளையத்திற்குப் பதிலாகக் குடையொன்றிலிருந்து தொங்கவிடுகிறார்கள். யனகவாவில் ஏழு சரங்களில் ஏழேழாக 49 உருவங்கள், நடுவே நூல் சுற்றிய பெரிய பந்துகள் இரண்டு, மொத்தம் 51. மனித ஆயுள் ஐம்பது ஆண்டுகள் என்று கருதப்பட்ட காலத்தில், தம் மகள் அதற்கு மேலும் ஓராண்டேனும் வாழவேண்டும் என்ற வேண்டுதலே அந்தக் கணக்கு என்கிறார்கள். ஆடம்பரமில்லாத ஆசை! இதைவிட உருக்கமான கணக்கொன்றை நான் அறியேன்.

உருவங்கள் ஒவ்வொன்றுக்கும் பொருளுண்டு. 'சரு' என்றால் ஜப்பானிய மொழியில் குரங்கு. 'நீங்கிச் செல்லுதல்' என்பதற்கும் அதே ஒலிதான். எனவே துணிக் குரங்கு தொங்கினால் துன்பம் நீங்கும். பீச் பழம் தீயசக்திகளை விரட்டும். முக்கோணம் மருந்துப் பையின் வடிவம், நோயின்மைக்கு அடையாளம். முதுகு வளைந்த இறால், முதுகு கூனும் வரை வாழ்க என்ற வாழ்த்து. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத பெண்களும் தம் குழந்தைக்கு எழுதி வைத்த மடல் என்றே இதைச் சொல்வேன்.

டோக்கியோவிலிருந்து புகையிரதத்தில் இரண்டரை மணி நேர அளவில் சென்றடையக்கூடிய இனாதொரி, இசு தீபகற்பத்தின் கரையிலுள்ள மீன்பிடித் துறை. அங்கே நான் நுழைந்த சிறிய கடையொன்று சற்று விசித்திரமானது. தலையைக் குனியாமல் உள்ளே நடக்க இயலாது. அத்தனை தாழ்வாகச் சரங்கள் தொங்குகின்றன. முழுமையான அலங்காரம் எதிலும் விலைச்சீட்டு இல்லை. விற்பனைக்கு இருந்தவை பழைய பட்டு நறுக்குகள், ஊசி, நூல், பஞ்சு ஆகியவையே. கடையின் பாதியை நீண்ட மேசை அடைத்திருந்தது. வருவோர் அமர்ந்து ஓர் உருவத்தையாவது தைக்கலாம். தைத்ததை எடுத்துச் செல்லலாம். என்னோடு வந்த நண்பர் காரணம் கேட்டார். "தொங்குபவை குழந்தைகளுக்காகத் தைத்தவை, அவற்றை எப்படி விற்பது?" என்றார் கடைக்கார அம்மையார்.

விற்பதே பாவம் என்று வாதிட நான் வரவில்லை. போருக்குப் பின்னர் மங்கிப்போன இவ்வழக்கத்தை 1990களில் இனாதொரியின் பெண்களே மீட்டெடுத்தார்கள். இன்று ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் இறுதிவரை அங்கு நடைபெறும் விழா, ஊருக்கு வருவாய் தருகிறது. பல மணி நேரம் குனிந்து தைக்கும் கைகளுக்குக் கூலி கிடைப்பது நியாயமே. ஆனால் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அச்சடித்தாற்போலத் தைக்கப்பட்ட குரங்குகள் யாருடைய துன்பத்தை நீக்கப் போகின்றன? யாருக்காகத் தைக்கப்பட்டது என்பது அறுந்துபோனால், எஞ்சுவது வண்ணத் துணி மட்டுமே.

இன்னொரு கவலையும் இருக்கிறது. 2024இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 7 இலட்சத்திற்கும் குறைவு. பதிவுகள் தொடங்கிய காலம் முதல் இதுவே முதன்முறை. இனாதொரி போன்ற சிற்றூர்களில் முதியோரே மிகுந்திருக்கிறார்கள். குழந்தைக்கென்று பிறந்த கலை, குழந்தைகள் அருகிவரும் ஊரில் யாருக்காக வாழ்வது?

இக்கேள்விக்கான விடை அந்த மேசையில் இருப்பதாகவே கருதுகிறேன். அன்று அங்கே அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் வெளியூரார். பெயர்த்திக்கென்று ஒருவர், தோழியின் மகளுக்கென்று இன்னொருவர், கோணல்மாணலாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அழகில் அவை மேலே தொங்கியவற்றுக்கு ஈடாகா. எனினும் ஒவ்வொரு தையலுக்குப் பின்னும் பெயருள்ள ஒரு குழந்தை இருந்தது. மரபைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுவோரும் அதைச் சந்தையில் குவிப்போரும் தத்தம் வழியில் அதை உறைய வைக்கிறார்கள். ஊசியை அந்நியன் கையில் கொடுக்கத் துணிபவர்களே அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறார்கள். அரசுகளும் பண்பாட்டு நிறுவனங்களும் கைவினைக்கென நிதி ஒதுக்கும்போது, காட்சியறைக்கு முன்னதாக அத்தகைய மேசைகளை நினைத்துக்கொள்வது நன்று.