சக்கரத்துக்கு மேல் ஒரு மறைப்பு



பங்கில் எவரேனும் புதிதாகச் சரக்கு வண்டி வாங்கினால் அதன் முதல் ஓட்டம் கோயில் முற்றத்துக்குத்தான். மாலை சூட்டி, சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்து நிறுத்தியிருப்பார்கள். பழத்தை மெல்ல அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, நாம் வண்டியைச் சுற்றிவந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்போம். 2005ஆம் ஆண்டு டாட்டா ஏஸ் வந்து, மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்ட நாள் தொட்டு இந்தத் திருப்பணி நமக்குப் பெருகிவிட்டது. பிறகு தோஸ்த் வந்தது. பொலிரோ பிக்கப்பும் ஊரெல்லாம் ஓடுகிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு இவ்வண்டிகளே இன்று உழவு மாடும் விளைநிலமும்.

இப்படிச் சுற்றிவரும்போது அண்மைக் காலமாக ஒன்று நம் கண்ணில் படுகின்றது. சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் விளிம்பில், கறுத்துப் புடைத்த ஒரு பட்டை. இளைஞர்கள் இதை ‘ஃபெண்டர் ஃப்ளேர்’ என்கிறார்கள். பெட்டியாக வரவழைத்து, வீட்டு வாசலிலேயே தாங்களே பொருத்திக்கொள்கிறார்கள். பெரியவர்களோ, “சுவாமி, இது வீண் பகட்டுத்தானே? நீங்களாவது சொல்லக் கூடாதா?” என்று நம்மிடம் முறையிடுகிறார்கள்.

பகட்டு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நமக்கு மனமில்லை. டயர் அகன்று, வண்டியின் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால், சுழலும்போது சேற்றையும் சரளைக்கல்லையும் வாரி வீசும். பின்னால் வருகின்ற சைக்கிள்காரனின் முகத்திலும், ஓரமாய் நடக்கும் பள்ளிப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையிலும் அது போய் விழும். அதைத் தடுக்கவே இந்தப் பட்டை பயன்படுகிறது. பிக்கப் வண்டிகள் மலிந்த அமெரிக்க நாட்டில், டயரின் அகலம் முழுவதும் மறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் சட்டமே வகுத்திருக்கின்றன. புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், எவனாவது விழுந்து மடிந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வரும் என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் கூறுகிறதல்லவா? அந்தச் சுவர் வீட்டுக்காரனின் அழகுக்காக எழுந்ததன்று. சக்கரத்தின் மேல் வரும் மறைப்பையும் நாம் அந்த வரிசையிலேயே வைக்கிறோம்.

ஆனால் நடப்பது தலைகீழாக இருக்கிறது. முதலில் பட்டையைப் பொருத்துகிறார்கள். பிறகு அதற்குள் சக்கரம் சிறுத்துத் தெரிகிறதே என்று அகலச் சக்கரம் தேடிப் போகிறார்கள். சக்கரம் வெளியே தள்ளிப்போகப் போக பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் சுமை கூடுகிறது. கடன் தவணையும் உடன் கூடுகிறது. நாம் அறிந்த ஒரு வீட்டில், தவணைக்கென்று வைத்திருந்த பணத்தை மகன் இதற்குச் செலவிட்டுவிட்டான். தந்தை பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே முற்றத்தில் இருவரும் இரண்டு மாதம் முகம் பாராமல் நடமாடினர். கடைசியில் அந்தத் தாய்தான் பெட்டியைக் கொண்டுவந்து நடுவாசலில் வைத்து, “வாங்கியாயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து பொருத்துங்கள்; இல்லையேல் நானே பரணில் போட்டுவிடுகிறேன்” என்றாளாம். தந்தை பழைய டிங்கரிங் தொழிலாளி. மகனுக்கு அந்தத் தொழிலின் அருமை அன்றுதான் தெரிந்தது. அகலச் சக்கரத்தின் பேச்சை மட்டும் தந்தை எடுக்கவிடவில்லை.

அவர் செய்த முறையைக் கேட்டறிந்து இங்கே எழுதுகிறோம். பட்டையைக் கையில் எடுக்குமுன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். சக்கரத்தைக் கழற்ற நேரும்போது ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைவது தற்கொலைக்கு ஒப்பானது, செங்கல்லும் தாங்காது. அதற்கென உள்ள இரும்பு ஸ்டாண்டே வேண்டும். விளிம்பைக் கழுவி உலர்த்தி, மெழுகுப்பிசுக்கு நீங்க ஸ்பிரிட்டால் துடைத்து, முதலில் வெறுமனே பொருத்திப் பார்த்தார். கதவு தட்டாமல் திறக்கிறதா, இரு பக்கமும் ஒரே உயரமா என்று பார்த்த பிறகே காகித டேப்பை ஒட்டி அதன்மேல் குறி வைத்தார்.

துளையிடுவதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். தகட்டின் மறுபுறம் மின்கம்பி செல்கிறதா, பிரேக் குழாய் செல்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணிய வேண்டும். முதலில் சிறு துளை, பிறகு அளவான துளை. துளையிட்டதும் திருகைப் போட்டு மூடிவிடலாகாது. வெட்டுப்பட்ட இடத்தில் வண்ணம் போய் இரும்பு வெளியே நிற்கிறது; கடலோரக் காற்றில் ஒரே மழைக்காலம் போதும், துரு உள்ளுக்குள் ஓடிவிடும். துளையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, அது காய்ந்த பின் வண்ணம் பூசி, அதுவும் காய்ந்த பிறகே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு. பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் விளிம்பு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் இடுக்கில் சேரும் மணல் வண்டியின் அதிர்வில் உப்புத்தாள் போலவே வண்ணத்தைத் தேய்த்துத் தின்றுவிடும். நடுத்திருகிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டு, பிறகு சிறுகச் சிறுக முறுக்க வேண்டும். பிளாஸ்டிக் வெயிலில் விரியும். இறுக்கி முறுக்கினால் வெடிக்கும்.

துளையிடாமல் டேப்பால் மட்டும் ஒட்டுகிற வகையும் இருக்கிறது. காருக்கு அது போதுமாக இருக்கலாம். நம் வெயிலில், நம் சாலைகளில், பாரம் ஏற்றும் வண்டிக்கு நாம் அதைப் பரிந்துரைப்பதற்கில்லை. வழியில் கழன்று விழுந்தால் அது பின்னால் வருகிறவனின் சக்கரத்தில்தான் போய்ச் சிக்கும்.

பொருத்திய பின் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். பாரம் ஏற்றியும் பார்க்க வேண்டும். காலியாக நிற்கும்போது நான்கு விரற்கடை இருந்த இடைவெளி, முழுப்பாரத்தில் வில் தாழ்ந்ததும் ஒன்றுமில்லாமற் போகலாம். டயர் பட்டையை உரசும் சத்தம் கேட்டால் அன்றே கழற்றிவிடுவது நல்லது. இன்னொன்று: நம் பக்கத்துச் சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் பின்சக்கரத்துக்கு மேலே இருப்பது தட்டையான தளம், மட்கார்டு தனித் தகடு. அங்கே இந்தப் பட்டைக்கு வேலையே இல்லை. பின்னால் ஒரு நல்ல ரப்பர் தடுப்பைத் தொங்கவிட்டால் அயலானுக்குப் பெரும் உபகாரம், விலையும் சொற்பம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகின்றது. எனவே அகலத்தைக் கூட்டுகிற எதையும் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்பதில் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை இவ்வேலையைச் செய்யலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் உடலுழைப்பு வேலைகளைக் கடன் திருநாட்களில் விலக்கியது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1247ஆம் எண், இறைவழிபாட்டுக்கும், அந்நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும், மனத்துக்கும் உடலுக்கும் வேண்டிய ஓய்வுக்கும் இடையூறான வேலைகளைத் தவிர்க்கச் சொல்லுகிறது. திருப்பலி கண்டு வந்து, தந்தையும் மகனும் பேசிச் சிரித்தபடி மாலையில் நாலு திருகு முடுக்குவதை நாம் பாவம் என்று சொல்லமாட்டோம். திருப்பலியை விட்டுவிட்டு, அண்டை வீட்டாரின் தூக்கம் கெடக் காலை முதல் இயந்திரத்தைச் சுழற்றுவது வேறு கதை.

கடைசியாக ஒரு கேள்வி. புதிதாகப் பட்டை பொருத்தியதால் வண்டியை மறுபடியும் மந்திரிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அந்தச் செபம் அதை ஓட்டுகிறவர்களுக்காகவும் அதில் பயணம் செய்கிறவர்களுக்காகவும் சொல்லப்படுவது. உதிரிப்பாகம் மாறினால் அது போய்விடாது. ஒரு வாரம் ஓடிய பிறகு திருகுகளை மட்டும் மறுபடி முடுக்கிப் பாருங்கள். முதல் வாரத்தில் அவை தளர்வது வழக்கம்.