கணினிப் பாடம் கைப்பழக்கமாகட்டும்

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை செயற்கை நுண்ணறிவும் ரோபாட்டிக்ஸும் கற்பிக்கும் ‘டிஎன் ஸ்பார்க்’ திட்டத்தை வரவேற்கிறோம். ஆனால், அது இன்னொரு மனப்பாடப் பாடமாகிவிடக் கூடாது. ஆறாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே கணினியின் பாகங்கள் பாடமாக உள்ளன. விசைப்பலகை உள்ளீட்டுக் கருவி என்று எழுதி மதிப்பெண் பெறும் மாணவர், அதில் தன் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாமலே தேறிவிட முடியும். இதற்கு மாற்று, செய்து பார்க்கும் செயல்திட்டமே. சேலம் மாவட்டம் தம்மம்பட்டிப் பிள்ளைகள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தொழில் தெருவிலேயே நடக்கிறது. வாகைக் கட்டையின் நீளம், அகலம், கனம் கொடுத்தால் கன அடியும் விலையும் சொல்லும் விரிதாளை ஏழாம் வகுப்புக் குழு ஒன்று அமைத்துவிடலாம். அங்குலத்தை அடியாக்க மறந்தால் விடை 1,728 மடங்கு எகிறும். அந்தப் பிழையை ஆசிரியர் சொல்லாமல், கட்டத்துக்குக் கட்டம் துருவித் தாங்களே பிடிக்கும்போதுதான் நிரலாக்கம் வசப்படும். அதற்கு அவகாசம் தேவை. வாரந்தோறும் அடுத்தடுத்த இரு பாடவேளைகளைக் கணினி ஆய்வகத்துக்கே ஒதுக்க வேண்டும்; அந்நேரத்தில் வேறு இணையவழிப் பணிகளுக்கு அங்கே இடம் தரக் கூடாது. வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணில் ஒரு பங்கை இத்தகைய செயல்திட்டங்களுக்கு வழங்கக் கல்வித் துறை ஆணையிட வேண்டும்.