முதலிற் குரல், பின்னரே இசை

நண்பர் சிலர் கூடிப் பேசி, அப்பேச்சைப் பதிவுசெய்து உலகறிய வெளியிடும் வழக்கம் இந்நாளிற் பெருகி வருகின்றது. அதற்குப் 'பொட்காஸ்ட்' என்று பெயர். 2004ஆம் ஆண்டிலே தோன்றிய சொல் அது. அதற்கு வானொலி நிலையம் வேண்டா; கைத்தொலைபேசி ஒன்றும், சொல்லத்தக்க பொருளும் இருந்தாற் போதும். நம் பழைய மாணவர் சிலரும் இம்முயற்சியில் இறங்கியுள்ளனர். "சேர், தொடக்க இசையை எப்பொழுது சேர்ப்பது? பேசும்பொழுதே ஒலிக்கவிடலாமா?" என்பது அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி.

தொடக்க இசையின் பயன் சிறிதன்று. அகில இந்திய வானொலியின் முகப்பிசையை நம் தலைமுறையினர் நன்கறிவர். 1934இல் இந்தியாவை வந்தடைந்த யூத இசையறிஞர் வோல்ற்றர் கௌஃப்மன், 1936இல் அதனை அமைத்தார். சொல் ஒன்றும் இன்றியே, 'இன்ன நிலையம்' என்பதை அது நமக்கு உணர்த்திவிடும்.

ஆயினும், பேசும்பொழுதே இசையை ஒலிக்கவிடுதல் தகாது என்பதே நமது விடை. ஓர் அறையிலிருந்து பேசுவோர் ஒலிபெருக்கியில் இசையை ஓடவிட்டால், இசையும் சுவரின் எதிரொலியும் குரலோடு ஒன்றாய்க் கலந்து பதிவாகிவிடும். பின்னர் ஓர் இருமலை வெட்டினாலும் இசை துண்டுபட்டுத் துள்ளும். வெவ்வேறு ஊர்களிலிருந்து 'சூம்' வழியாகப் பேசுவோர்க்கு வேறோர் இடர் உண்டு. அத்தகைய செயலிகள் மனிதக் குரலையே பேண முயல்வன. இசையை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடுதல் அவற்றின் இயல்பு.

ஆதலின், முதலில் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியே பதிவுசெய்க. பின்னர், 'ஓடாசிற்றி' போன்ற இலவச மென்பொருள் ஒன்றிற் குரலை ஒரு தடத்திலும் இசையை மற்றொரு தடத்திலும் வைத்து இணைத்துக் கொள்க. இசை பத்துப் பதினைந்து நொடிகள் ஒலித்தாற் போதும். குரல் தொடங்குமிடத்தில் அது படிப்படியாகத் தாழ்ந்து மறைதல் வேண்டும். தொடக்க இசையைக் கேட்டாலன்றிப் பேச்சு வராது என்போர், ஹெட்போனில் அதனைக் கேட்டுவிட்டுப் பேசத் தொடங்கலாம்.

இஃது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. நம் மாணவர் ஒருவர் தம் பாட்டியாரை இருத்தி, அவர் இளமைக்கால வயல் வேலைகளைப் பற்றிச் சொல்லச் சொல்லப் பதிவுசெய்தார். சுவைக்காகத் திரைப்பாட்டொன்றையும் அருகே ஓடவிட்டிருந்தார். பாட்டியார் இன்று இல்லை. பாட்டின் உரிமை காரணமாக, வெளியிட்ட தளத்திலிருந்து அப்பதிவும் நீக்கப்பட்டது. குரலையும் இசையையும் பிரிக்கும் கருவிகள் இப்பொழுது உள்ளன. அவற்றையும் கையாண்டு பார்த்தார்கள். குரல் வந்தது, ஆனால் சொற்களின் ஓரங்கள் தேய்ந்திருந்தன. பாட்டியார் மெல்லச் சொன்ன இடங்கள் பாட்டோடு போயின.

உரிமை பற்றியும் ஒரு சொல். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பொதுவாக ஆக்கியோனின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அவன் படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. 1847இல் மறைந்த தியாகராச சுவாமிகளின் கீர்த்தனைகளை யாரும் வாசிக்கலாம். ஆனால், இன்றைய வித்துவான் ஒருவர் வாசித்த இசைத்தட்டை எடுத்து ஒட்டுதல் வேறு. அப்பதிவுக்குத் தனியுரிமை உண்டு. 'கிரியேட்டிவ் கொமன்ஸ்' உரிமத்தின்கீழ் வெளியான இசையை எடுப்பவர்கள் அதன் நிபந்தனைகளைப் படித்தறிதல் நன்று. ஆக்கியோன் பெயரைக் குறிப்பிடுதலும் வேண்டும்.

இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. உங்கள் நண்பர் குழாத்தில் வயலினோ மிருதங்கமோ பயின்றவர் ஒருவர் இருப்பார். புதிதாய்ப் பத்து நொடி வாசித்துத் தருமாறு அவரைக் கேளுங்கள். அவர் இவ்வாரம் ஓய்வின்றி இருந்தால் அடுத்த வாரம் வாசிக்கட்டும். இசையை நாளையும் சேர்க்கலாம். இன்று பேச இருப்பவரின் குரலை இன்றே தெளிவாகப் பதிந்து வையுங்கள்.